வீட்டுக்கு ஒரு பவளம்

செசிலி டீச்சருக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். அதைவிட முக்கியமாக, முப்பத்தொரு வருஷமும் பரீட்சை அறையில் மேற்பார்வை பார்த்தவர். முழங்காலில் எழுதிவைத்த சூத்திரத்தை, எழுதிய பிள்ளை குனிந்து பார்ப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கிற கண் அது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. இந்தச் சித்திரையில் மறுபடி வேலை வந்துவிட்டது. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வாடத் தொடங்கியிருந்தது.

அழகுக்கு வைத்த தொட்டி என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இது டீச்சரின் கணவர் இன்னாசியின் உயிர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கொண்டிருந்த மனுஷனுக்கு ரத்தம் கெட்டுப்போகிற நோய் வந்தது. கடையில் விற்கிற மருந்து எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் பவளம்தான் கைகொடுத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களை மென்பவளம் ஒன்றுக்குள் பழக்கிவிடுவார்கள். பிறகு அது அந்த ஒரு உடம்புக்கு மட்டும் பொருந்துகிற மருந்தைச் சுரக்கும். வேறு யார் குடித்தாலும் அது வெறும் கடல் சளிதான். தினமும் காலையில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து, பவளத்தின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும். தூத்துக்குடியில் அதற்குப் பால் எடுப்பது என்று பேர். பத்துச் சொட்டுப் பாலை வெந்நீரில் கலந்து குடித்தால் அன்றைய நாள் இன்னாசியினுடையது.

கடலில் அந்தப் பவளம் என்றைக்கோ வெளுத்துச் செத்துவிட்டது. பவள ஆபீசின் பண்ணையில் மிச்சமிருந்த தாய்ப்பவளத்தைக் கிள்ளிக் கிள்ளித்தான் ஊருக்கே கொடுத்தார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு பவளம் என்று சட்டம். அதற்கான தீனியும் மாதா மாதம் ஒரு பவளத்துக்கு உள்ள அளவுதான் முத்திரை வைத்து வரும். அதே வீட்டில் இன்னொருவருக்கு நோய் வந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, நாலு வருஷம் ஜெபமாலை உருட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இன்னாசியின் பவளம் கை அகலக் காளான் மாதிரி பாறையில் உட்கார்ந்திருக்கும். காலையில் விளக்கு எரிந்ததும் மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்களை நீட்டி அசைக்கும். சித்திரை பிறந்ததும் அந்த விரல்கள் பாதிதான் வெளியே வந்தன. வைகாசியில் ஓரமெல்லாம் சுருங்கி மஞ்சளாயிற்று. பத்துச் சொட்டு ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று. மாடிப்படியில் நாலாவது படியிலேயே இன்னாசி நின்று மூச்சு வாங்கினார். கேட்டால், கீழே யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றார்.

டீச்சர் உப்பைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார், சுண்ணாம்பைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாக வருகிறது என்றால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டீச்சரின் புத்தி அப்படித்தான் போகும்.

முதலில் மாட்டியவள் நாத்தனார் அமலோற்பவம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், தினமும் மூன்று மணிக்கு அண்ணனைப் பார்க்க வருவாள். ஒரு நாள் டீச்சர் அடுப்படிக்குப் போவது போலப் போய்விட்டுக் கதவிடுக்கில் நின்றார். அமலோற்பவம் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, சிலுவை போட்டுவிட்டு, தொட்டிக்குள் நாலு சொட்டு ஊற்றினாள்.

“அமலி, என்னது அது?”

அவள் விதிர்விதிர்த்துப் போனாள். “தீர்த்தம் மைனி. கோயில்ல மந்திரிச்சது. அண்ணனுக்காவ…”

“எத்தன நாளா ஊத்துற?”

“ஈஸ்டர்ல இருந்து.”

“எந்தப் பாத்திரத்துல வச்சிருக்க?”

“வீட்டுல செம்புக் குடத்துல. செம்புல வச்சாத்தான மைனி தண்ணி கெடாது?”

டீச்சருக்குத் தலையில் ரத்தம் ஏறியது. பவளத்துக்குச் செம்பு விஷம். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல அதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “உங்கண்ணனக் கொல்லுததுக்குத் தீர்த்தமா கொண்டு வாற?” என்று கேட்டுவிட்டார். அமலோற்பவம் பாட்டிலை மூடி, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாள். மறுநாள் மூன்று மணிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இன்னாசி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டீச்சர் தண்ணீரில் செம்பு இருக்கிறதா என்று சோதித்தார். இருந்தது, மருந்துக்கு என்று சொல்லுகிற அளவு. அந்த அளவுக்கு எறும்பு கூடச் சாகாது. இருந்தாலும் தண்ணீரை மாற்றி, பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பவளம் சுருங்கிக்கொண்டேதான் போனது. அமலியைப் போய்க் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. டீச்சருக்கு அந்த வேலை எப்போதுமே வராது. மன்னிப்பை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார்.

அதற்குள் பூச்சி வந்தது. பாறை இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாய் ஒன்று முளைத்திருந்தது. தொட்டால் பொத்தென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடிப்பூ என்பார்கள். பெயர்தான் பூ, பக்கத்தில் எது இருந்தாலும் கொட்டிப் பொசுக்கிவிடும். ஒன்றை நசுக்கினால் நாலாக முளைக்கும். டீச்சர் சிரிஞ்சில் வினிகரை ஏற்றி ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினார். ஒரு வாரத்தில் பதினேழு போயிற்று, இருபத்து மூன்று வந்தது.

மாதம் ஒரு முறை தொட்டியைப் பார்க்க ஆபீசிலிருந்து முபீனா வருவாள். காயல்பட்டினத்துப் பெண், இருபத்தாறு வயது. படபடவென்று பேசுவாள், கை வேலையில் சுத்தம். டீச்சருக்கு அவளைப் பிடிக்கும். பிடித்தவர்களைச் சந்தேகப்படக் கூடாது என்று டீச்சர் எங்கேயும் படிக்கவில்லை.

“இந்தக் கண்ணாடிப்பூ எப்படிம்மா வந்துச்சு?”

“தண்ணில வந்திருக்கும் டீச்சர்.” முபீனா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க குடுக்கிற உப்ப, நான் காய்ச்சி வடிச்ச தண்ணில கரைக்கேன். அதுல எப்படி உசுருள்ள பூச்சி வரும்?”

“சில நேரம் அப்படித்தான் டீச்சர். சொல்ல முடியாது. வினிகர் ஊத்துங்க, போயிரும்.”

விட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்லுகிற பிள்ளையின் சட்டைப் பையில் துண்டுச்சீட்டு இருக்கும். ஆபீஸ் கொடுத்த கையேட்டை டீச்சர் அன்றைக்கே எடுத்துப் புரட்டினார். கண்ணாடிப்பூ தானாக முளைக்காது, வேறு தொட்டியிலிருந்து வந்த பாறையோடோ பவளத்தோடோ ஒட்டிக்கொண்டுதான் வரும் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரு தண்ணீரில் இரண்டு மென்பவளம் இருந்தால், தொடாமலே, தண்ணீர் வழியாக ஒன்றையொன்று விஷம் வைத்துச் சுருக்கும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார்.

அவர் சந்தேகத்தில் இன்னொரு ஆளும் இருந்தார். அது இன்னாசி. பங்குனியிலிருந்து அந்த மனுஷன் நடந்துகொள்கிற விதமே சரியில்லை. முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், திடீரென்று தினமும் காலையில் எழுந்து பெண்டாட்டிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். சுக்கு வேறு தாராளமாகத் தட்டிப் போட்டார். குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். காப்பியில் கொஞ்சம் உப்புக் கரித்தது. ஆண்பிள்ளை போடுகிற காப்பி அப்படித்தான் இருக்கும் என்று டீச்சர் முதலில் விட்டுவிட்டார். இப்போது யோசித்தார். வழக்கமில்லாமல் வணக்கம் சொல்லுகிற பையனைத்தான் முதலில் சோதனை போட வேண்டும்.

தொட்டி விஷயத்தில் அந்த வீட்டில் ஒரு பாகப்பிரிவினை உண்டு. மேல் தொட்டியும் தண்ணீர்ச் சோதனையும் டீச்சருக்கு. கீழே மர அலமாரிக்குள் இருந்த கீழ்த்தொட்டி, அதாவது வடிகட்டியும் மோட்டாரும் இருக்கிற சின்னத் தொட்டி, இன்னாசிக்கு. மேல் தண்ணீர் வழிந்து கீழே வந்து, சுத்தமாகி மறுபடி மேலே ஏறும். எண்ணெய்ப் பிசுக்கு, குழாய், நட்டு என்றால் அது கிரேன்காரர் வேலை. டீச்சர் அந்தக் கதவைத் திறந்து வருஷக்கணக்காகிறது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, இன்னாசி மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், திறந்தார்.

வடிகட்டிப் பஞ்சுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் ஒரு கல்லின் மேல் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு பவளம், விரலெல்லாம் நீட்டிக்கொண்டு, சொகுசாக அசைந்துகொண்டிருந்தது. கல்லின் அடியில் நாலு கண்ணாடிப்பூ. பக்கத்தில் ஒரு சிரிஞ்சு, சுத்தமாகக் கழுவி வைத்தது.

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் விளங்கிப்போனது மாதிரி இருந்தது. வேறு எவனுக்கோ முபீனா திருட்டுத்தனமாகப் பவளம் வளர்த்திருக்கிறாள். வைக்க இடம் வேண்டும், தீனி வேண்டும். இளிச்சவாயனாக இன்னாசி கிடைத்திருக்கிறார். சரி என்று தலையாட்டியிருப்பார், யார் எது கேட்டாலும் ஆட்டுகிற தலைதானே அது. அந்த எவனோ ஒருவன் தின்று கொழுக்க, தன் புருஷன் நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறான். அந்த நிமிஷத்தில் டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே நசுக்கிப் போட்டிருப்பார். ஆனால் அத்தாட்சியைக் கிழித்துப்போடுகிற மேற்பார்வையாளர் உண்டா? கல்லோடு பிடுங்கி, ஊறுகாய் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, அதற்குள் போட்டு மூடி, பீரோவுக்கு மேலே வைத்தார். பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினார்.

மறுநாள் காலை இன்னாசி கீழ்த்தொட்டிக் கதவைத் திறந்தார். அப்படியே குந்தியிருந்தார். பிறகு மூடிவிட்டு அடுப்படிக்குப் போய் வழக்கம்போலக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கேட்கட்டும் என்று டீச்சர் காத்திருந்தார். கேட்கவில்லை. அன்றைக்குக் காப்பியில் உப்புக் கரிக்கவில்லை என்பதை டீச்சர் கவனித்தார், ஆனால் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை விளக்கு எரிந்தபோது மேல் தொட்டிப் பவளம் விரல்களை முழுசாக நீட்டியது. மூன்று மாதத்தில் முதல் தடவை. பால் எடுத்தார், எட்டுச் சொட்டு வந்தது. “ஏங்க, இங்க வாங்க, பாருங்க” என்று கூப்பிட்டார். இன்னாசி வந்து பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

செத்துப்போகாமல் பிழைத்ததற்கு இப்படி ஒருத்தர் அழுவாரா? பயம் வந்துவிட்டது, குட்டு வெளிப்படப் போகிறதென்று அழுகிறார் என்றுதான் டீச்சர் எடுத்துக்கொண்டார். மனசு இரும்பாயிற்று.

பத்து மணிக்கு முபீனா வந்தாள். அவள் முறை வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, அதாவது டீச்சர் கூப்பிடவில்லை. வந்தவள் நேரே கீழ்த்தொட்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“டீச்சர், இதுல இருந்தது எங்க?”

“ஆக, உனக்குத் தெரியும்.”

“எங்க டீச்சர்? ரெண்டு நாளாச்சாம்லா. எதுல போட்டு வச்சிருக்கிய?”

“பத்திரமா இருக்கு. நாளைக்கு உங்க ஆபீசுல நானே கொண்டு போய்க் குடுக்கேன். எவன் உசுர வளக்கதுக்கு எம்புருசன் உசுர உறிஞ்சுதீங்கன்னு அங்கன வந்து சொல்லு.”

முபீனா இன்னாசியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லவா?”

அவர் நிமிராததால் முபீனாவே டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“அது உங்களுக்கு உள்ளது டீச்சர். உங்க ரத்தத்துல வளத்தது.”

டீச்சர் சிரித்தார். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் சொல்லுகிற பொய்களில் இதைப் போல ஒன்றை அவர் கேட்டதில்லை. “எனக்கு என்னம்மா நோய்?”

“ஐப்பசி முகாம்ல உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம்லா. உங்க முடிவு சார் போனுக்குத்தான் வந்துச்சு. அதே நோய்தான் டீச்சர். ஆரம்பம். பட்டியல்ல நாலு வருசம். உங்களுக்கு ஒன்றரை வருசம்தான் கெடு.” அவள் குரல் உடைந்தது. “எங்கம்மா பட்டியல்ல மூணாவது வருசம் போயிட்டாங்க. சார் வந்து ஆபீஸ் வாசல்ல நின்னப்போ எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல. பண்ணையில ஒரு மூலையில யாருக்கும் தெரியாம வளத்தேன். நான் ஒண்ணும் வாங்கல டீச்சர், சத்தியமா.”

டீச்சர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பங்குனியிலிருந்து குடித்த காப்பி அத்தனையும் ஒரே நேரத்தில் வாயில் வந்து கரித்தது. இரண்டு மாதமாகத் தேடித் தேடி வேட்டையாடிய பூச்சி அவரேதான். இப்போது கோபமா, வெட்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றாக வந்தது.

“பீரோ மேல இருக்கு” என்றார்.

முபீனா நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். தண்ணீர் கலங்கி, திறந்ததும் அழுகல் வாடை அடித்தது. தட்டில் கொட்டி, பிளேடால் அழுகினதை வழித்து வழித்துப் போட்டாள். கடைசியில் சுண்டுவிரல் நுனி அளவு மிச்சம் நின்றது. அதைச் சுத்தமான தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இது பிழைக்கும். இன்னைக்கே தொட்டிக்குள்ள போயிரணும். ஆனா…”

“ஆனா அவரோடது மறுபடி சுருங்கும்.”

“ஆமா டீச்சர்.”

“கரி போட்டு வடிகட்டுனா விஷத்த எடுத்துரும்லா?”

“மருந்தையும் சேத்து எடுத்துரும்.”

“வேற தொட்டி? அமலி வீட்டுல?”

“தொட்டிய வேணா பிரிக்கலாம். தீனி ஒண்ணுக்கு உள்ளதுதான வருது. எங்க வச்சாலும் ரெண்டும் பாதிப் பாதிதான். அதுவும் ஆபீசுக்குத் தெரிஞ்சா ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருவாங்க.” முபீனா தட்டை மேசையில் வைத்தாள். “முழுசா குடிச்சா சாருக்குப் பதினஞ்சு வருசம். பாதின்னா ஆறு. உங்களுக்கும் பாதி குடிச்சா ஆறு. நான் வெளிய நிக்கேன் டீச்சர். நீங்க பேசிட்டுக் கூப்பிடுங்க.”

கதவு சாத்துகிற வரைக்கும் டீச்சர் பொறுத்திருந்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும்லா” என்றார் இன்னாசி.

“என்ன செய்வேன்?”

“எனக்கே முழுசும்னு சொல்லிட்டு, கீழ்த்தொட்டிக்குப் பூட்டு வாங்கிப் போடுவ.”

அது சத்தியம் என்பதால் டீச்சருக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. “நான் குடிக்கிற காப்பியில எனக்குத் தெரியாம மருந்த ஊத்துததுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அமலிய நாயவிடக் கேவலமாப் பேசி விரட்டுனேன், அப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்திய.”

“அன்னைக்குச் சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“கணக்காவது போட்டுப் பாத்தியளா? உங்களுக்குப் பதினஞ்சு, எனக்கு ஒன்றர. கூட்டுனா பதினாறர. நீங்க பாதி பாதி ஆக்குனதுல ஆறும் ஆறும் பன்னெண்டு. நாலர வருசம் எங்க போச்சு? தண்ணில போச்சு. எந்தப் பைத்தியக்காரன் இப்படிக் கணக்குப் போடுவான்?”

இன்னாசி எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். கிரேனின் மேல் கூண்டில் முப்பது வருஷம் தனியாக உட்கார்ந்திருந்த பழக்கம்.

“ஒரு சரக்கு ஒரு கிரேனுக்கு மீறிப் போச்சுன்னா, ரெண்டு கிரேன் சேந்து தூக்குவோம். அப்ப ரெண்டும் தம் பலத்துல பாதிதான் காட்டணும். ஒண்ணு முழுசா இழுத்துச்சுன்னா சரக்கு சாஞ்சிரும். தனித்தனியா ஒவ்வொண்ணும் எவ்வளவு தூக்கும்னு அங்கன யாரும் கேக்க மாட்டாங்க.” நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். “நீ தனித்தனியா கூட்டுத. நாம சேந்து இருக்கிறத மட்டும் கூட்டிப் பாரு. உங்கணக்குல ஒன்றர வருசம். எங்கணக்குல ஆறு.”

முப்பத்தொரு வருஷம் எத்தனையோ விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்ட கைக்கு, அந்தக் கணக்கில் எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை. தப்பு இருந்தது. எங்கேயோ நிச்சயம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

“இனிமே காப்பி நான் போடுவேன்” என்றார் டீச்சர். “உங்க காப்பியும் ஒரு காப்பியா?”

பிறகு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டில் கிடந்த சுண்டுவிரல் நுனியை எடுத்தார். கீழ்த்தொட்டிக்கு முன்னால் குந்தி, புதுக்கல்லில் நூல் சுற்றிக் கட்டினார். குட்டி விளக்கை அதன் பக்கமாகத் திருப்பி வைத்தார். தனக்காக இப்படி ஒரு வேலையைச் செய்யக் கூச்சமாகத்தான் இருந்தது. செய்தார்.

அன்று மூன்று மணிக்கு அவரே அமலோற்பவம் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். திரும்பி வரும்போது அமலோற்பவம் கூட வந்தாள், கண் வீங்கியிருந்தது. தீர்த்தத்தை இனிமேல் அண்ணன் நெற்றியில் தடவுவது என்று முடிவாகியிருந்தது.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் மேல் தொட்டிப் பவளம் மறுபடி விரல்களை உள்ளே இழுக்க ஆரம்பித்தது. எட்டுச் சொட்டு ஏழாயிற்று, ஆறாயிற்று. டீச்சர் தினமும் பார்த்தார். ஒவ்வொரு சொட்டு குறையும்போதும் சிரிஞ்சை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். கீழே குந்திப் பார்த்தால் இன்னொன்று நெல் அளவு வளர்ந்திருக்கும். இருந்தாலும் காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் பங்கைக் குடித்தார்கள். ஒளித்துக் கொடுக்கவும் இல்லை, ஒளித்துக் குடிக்கவும் இல்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சுருக்கம் அதிகமாக இருக்கிற தொட்டிகளை நேரில் பார்க்கச் சொல்லி உத்தரவாம். இன்னாசி கடைக்குப் போயிருந்தார். அதிகாரி மேல் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தண்ணீர் எடுத்துச் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு குனிந்து அலமாரிக் கதவின் பிடியில் கை வைத்தார்.

“அது அவுக பொறுப்பு” என்றார் டீச்சர், பின் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில். “அவுக இல்லாம அதத் தெறக்கிற வழக்கம் இந்த வீட்டுல கெடையாது. மோட்டார் நின்னு போச்சுன்னா நீங்க பதில் சொல்லுவியளா?”

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். அவரும் ஏதோ ஒரு டீச்சரிடம் படித்தவர்தானே. பேனாவைத் திறந்து படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“வழக்கமாக் கேக்கிற கேள்விதான், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி நல்லா இருக்கு, வெளிச்சம் நல்லா இருக்கு, ஆனாலும் பவளம் சுருங்குது. வெளியாளுங்க யாராவது கை வைக்கிற மாதிரி உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

செசிலி டீச்சர் அவர் கண்ணை நேராகப் பார்த்தார். விட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“எனக்கா?” என்றார். “நான் யாரையும் சந்தேகப்படுத ஆள் இல்ல சார்.”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.